இரு கரை முத்திரை

கத்தியின் நுனியை ஸ்பிரிட் விளக்கின் சுடரில் காட்டி எடுத்து, கைகள் இளஞ்சிவப்பு மெழுகில் ஒரு கோடு இழுத்தன. கோடு மயிரளவு தடித்துவிட்டது. நகத்தால் ஓரத்தை வழித்துவிட்டு, மறுபடி சுடர், மறுபடி கோடு. அந்த மெழுகில் அந்தக் கைகள் வழக்கமாகச் செய்வது ஈறு. இன்று மதிய இடைவேளையில் செய்துகொண்டிருந்தது ஒரு நாணல் தண்டு. நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய முத்திரையின் முகத்தில், தாளில் பதியும்போது சரியாக வரவேண்டும் என்பதால் இடவலம் மாற்றி.

பாலிஷ் சக்கரத்தின் பக்கத்தில் ரொட்டி தின்றுகொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். பொய்ப்பல் செய்யும் அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் அவர் பாலிஷ் அண்ணன்.

"யாருக்கும்மா இது?"

"சாமுராய்க்கு."

"அவங்களுக்கும் பல்லு போயிடுச்சா," என்றார் மென்றபடியே. "பாவம்."

அவளுக்கு நாற்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருடமாகப் பொய்ப்பல் செய்கிறாள். யாரோ ஒருவருடைய வாயின் அச்சு, எண் ஒட்டிய பெட்டியில் வரும். அச்சில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்து, மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் கீல் வைத்த கருவியில் மாட்டி, மெழுகில் பல் நட்டு, கடிப்புப் பார்த்து, மெழுகை அக்ரிலிக்காக மாற்றி, அதே எண்ணோடு திருப்பி அனுப்புவாள். முகம் எதுவும் தெரியாது. பேருந்தில் வயதானவர் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் உற்றுப் பார்ப்பாள். இதுவரை தன் வேலை ஒன்றையும் அடையாளம் கண்டதில்லை. நன்றாகச் செய்த பொய்ப்பல் பல்லைப் போலத்தான் இருக்கும்.

வீடு இரண்டாம் மாடியில் ஓர் அறையும் சமையல் மூலையும். தம்பி குடும்பத்தோடு வேறு ஊரில் இருக்கிறான். ஞாயிறு காலை மகளின் நீச்சல் வகுப்பு வாசலில் காத்திருக்கும் நேரத்தில் கூப்பிடுவான். மகள் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்ததும், "சரிக்கா, வைக்கட்டுமா" என்பான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாரம் தவறியதில்லை.

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு ஆட்டம். ஒரு நகல் கடையின் மாடியில், காகிதக் கட்டுகள் அடுக்கிய அறையில் நடக்கும். கடையை நடத்தும் அக்காள் தங்கை இருவர், பேருந்து நிலையத்தில் சாவி வெட்டும் பூட்டுக்காரர், அவள் என்று ஆடுவது நான்கு பேர். கணக்கு வாத்தியார் ஒருவர் கதை நடத்துவார். மலைக்கோட்டைகளும் ஆவிகளும் சாமுராய் வாள்வீரர்களும் உள்ள, எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு நாட்டின் கதை. ஆளுக்கொரு வீரராக அதற்குள் போய், இப்போது இதைச் செய்கிறேன் என்று சொல்லிப் பகடையை உருட்ட வேண்டும். பலித்ததா இல்லையா என்று பகடை சொல்லும்.

முந்தைய இரண்டு கதைகளிலும் அவள் தலைவன் இல்லாத வாள்வீரனாகவே ஆடினாள். எந்தக் குலத்துக்கும் கட்டுப்படாதவன். சண்டைக்கு வருவான், முடிந்ததும் போய்விடுவான். யாரும் அவனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அது அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது, போன மழைக்காலம் வரை.

மஞ்சள் காமாலை வந்து மூன்று ஞாயிறு படுத்துவிட்டாள். தம்பியிடம் சளி என்றாள். கூடத்துக்கு மருத்துவச் சான்றிதழ் போயிருந்ததால் அங்கே யாரும் கேட்க எதுவும் இல்லை. நகல் கடை மாடியில் ஆடுகிறவர்களுக்கு மட்டும் சொல்லி அனுப்பவில்லை. வாத்தியாரிடம் அவளுடைய எண் இருந்தது. சொல்லாவிட்டால் கேட்பார்களா என்று பார்த்தாள். ஞாயிறு மூன்று மணிக்குக் கைபேசியை எடுத்து வயிற்றின்மேல் வைத்துக்கொள்வாள். மூன்று வாரமும் அது மூச்சோடு ஏறி இறங்கியதே தவிர அடிக்கவில்லை.

நான்காம் ஞாயிறு அவள் ஆட்டத்துக்குப் போனபோது வாத்தியார் முகமெல்லாம் சிரிப்பாக ஒரு தாளை எடுத்து வாசித்தார். அவள் வராத நாள்களில் அவளுடைய வீரன் வடக்கே பனியில் தனியாக நடந்ததை எழுதி வைத்திருந்தார். அவர்கள் தேடாததற்குக் காரணம் அந்தத் தாள்தான். கதையில் அவன் போயிருந்தான், அவன் எப்போதும் போகிறவன்தானே. அக்காளும் தங்கையும் கைதட்டினார்கள். அவளும் நன்றி சொன்னாள். வீட்டுக்கு வந்து தாளை மடித்து அலமாரியில் வைத்தாள். நன்றாகத்தான் எழுதியிருந்தார்.

இந்த முறை புதுக் கதை தொடங்குமுன் வாத்தியார் விதியை மாற்றினார். இனித் தனி ஆள் கிடையாது. ஒவ்வொருவரும் ஒரு குலத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும், ஒரு குலத்தில் குறைந்தது இருவர் இருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு குல முத்திரையைக் கொண்டுவந்து கதை நோட்டின் முதல் பக்கத்தில் பதிக்க வேண்டும். முத்திரை செய்கிற வேலை யாரும் சொல்லாமலே அவள் தலையில் விழுந்தது.

அக்காளும் தங்கையும் சாம்பல் ஆந்தைக் குலத்தை எடுத்தார்கள். தூதும் ஒற்றும் அவர்கள் தொழில். அக்காளுக்கு ரகசியம் பிடிக்கும். தங்கைக்கு, அக்காளை அந்தப் பக்கம் தனியாக விடப் பிடிக்காது.

"பல்லக்கா, நீங்களும் எங்களோட வந்துடுங்க," என்றாள் தங்கை. "நாங்க அடிச்சுக்கிட்டா நடுவுல விலக்க ஒரு ஆள் வேணும்."

"ஒரு வாரம் ரெண்டு வாரம் வரலேன்னாலும் பரவால்லை," என்றாள் அக்காள். "நாங்க பாத்துக்குவோம்."

அன்பாகச் சொன்னதுதான்.

பூட்டுக்காரர் நாணல் குலம் என்றார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. நாணல் குலத்தவர் ஓடக்காரர்கள், ஓர் ஆற்றின் இரண்டு கரையிலும் இருப்பவர்கள். இரு கரையின் முத்திரையும் விழாமல் அவர்களுடைய எந்த ஓலையும் செல்லாது, எந்த ஓடமும் நகராது. ஆகவே இருவரில் ஒருவர் வராத ஞாயிறு மற்றவர் பகடையைத் தொடக்கூடாது என்று வாத்தியார் சேர்த்துக்கொண்டார். லீவே போட முடியாத வேலையா என்று தங்கை கேலி செய்தாள். துணைக்கு ஆள் சேராவிட்டால் அவரும் ஆந்தைக் குலத்துக்கு வந்துவிட வேண்டியதுதான் என்று வாத்தியார் முடித்தார்.

படி இறங்கும்போது பூட்டுக்காரர் அவளிடம் இரண்டு முத்திரை கேட்டார்.

"ஒண்ணுல நாணல் போட்டுடுங்க. இன்னொண்ணு வெறுமையா இருக்கட்டும்."

"அது யாருக்கு?"

"யாராவது வந்தா."

அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. படியைப் பார்த்துச் சொன்னார். கருத்திருந்த விரல்நுனிகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரம் முழுவதும் அவள் பல் நடும்போதும் அதையே நினைத்தாள். ஆந்தைக் குலம் சௌகரியம். மூன்றில் ஒருத்தி, வந்தால் வரவு, வராவிட்டால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நாணல் அப்படியில்லை. காய்ச்சலோ மழையோ, அவள் போகாவிட்டால் ஒரு மனிதர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அதுகூட அவளுக்குப் பயமில்லை. அப்படியும் அவர் பேசாமல் உட்கார்ந்து, தேநீரைக் குடித்துவிட்டு, எழுந்து வீட்டுக்குப் போய்விட்டால்? போன மழைக்காலத்தில் அடிக்காத கைபேசிக்குக் கதை ஒரு காரணமாக இருந்தது. இனி அந்தக் காரணமும் இருக்காது. தெரிந்துவிடும்.

வியாழக்கிழமைக்குள் ஆந்தைகள் இரண்டும் முடிந்தன. பூட்டுக்காரரின் நாணலும் வெந்நீரில் இறுகி, அக்ரிலிக்காகி, ஈறின் நிறத்திலேயே பளபளத்தது. ஆந்தைக்கு இந்த நிறமா என்று தங்கை நிச்சயம் கேட்பாள். கூடத்தில் இருப்பது இந்த ஒரு நிறம்தான்.

வெள்ளிக்கிழமை மாலை மற்றவர்கள் கிளம்பிய பிறகு வெறும் வில்லை மட்டும் மேசையில் இருந்தது. அதை வழவழப்பாக்கி அப்படியே கொடுத்துவிடலாம், கேட்டதும் அதுதான். எதிர்ப்பல் இல்லாத பல்லை அவள் ஆயிரம் அச்சுகளில் பார்த்திருக்கிறாள். கடிக்க எதுவும் இல்லாமல் அது கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு, ஆடத் தொடங்கிவிடும். கைகள் அச்சுப்பசையைக் கலக்க ஆரம்பித்திருந்தன. பசை இறுகுவதற்குள் முடித்தாக வேண்டும், யோசித்துக்கொண்டு நிற்க முடியாது. பசையை வில்லையின் முகத்தில் பரப்பி, பூட்டுக்காரரின் முத்திரையை அதில் அழுத்தினாள்.

மறுநாள் அரைநாள் வேலை. அது முடிந்ததும் பசையில் பதிந்த குழிவடிவத்தை அப்படியே மெழுகில் எடுத்து, மெழுகை அக்ரிலிக்காக்கி, இரண்டு முத்திரைகளையும் கீல் கருவியில் மேலும் கீழுமாக மாட்டினாள். கடிப்புப் பார்க்கும் நீலத்தாளை நடுவில் வைத்து மூடித் திறந்தாள். ஓர் ஓரத்தில் மட்டும் நீலம் அழுத்தமாக விழுந்தது. அந்த மேட்டை ஒரு சுற்று தேய்த்தாள், மறுபடி மூடினாள். ஏழாவது முறை நீலம் முகம் முழுக்கச் சீராக விழுந்தது. பிறகு மையில் தொட்டு ஒரு தாளில் பக்கம் பக்கமாகப் பதித்துப் பார்த்தாள். அவருடைய நாணல் வலப்பக்கம் சாய்ந்து கறுப்பாக விழுந்தது. அவளுடையது கறுப்புக்கு நடுவே வெள்ளையாக, இடப்பக்கம் சாய்ந்து.

ஞாயிறு காலை தம்பி கூப்பிட்டான். பேச்சுக்கு நடுவே, "போன மழைல எனக்கு வந்தது சளி இல்லை, காமாலை" என்றாள். "ஏன்க்கா சொல்லலை?" என்று அவன் கேட்டு முடிப்பதற்குள் மகள் வந்துவிட்டாள். ராத்திரி கூப்பிடுவதாகச் சொல்லி வைத்தான்.

மூன்று மணிக்கு மாடி அறையில் ஆந்தைகளை அக்காளுக்கும் தங்கைக்கும் கொடுத்தாள். தங்கை முத்திரையைத் தன் முன்பற்களுக்கு நேரே பிடித்து இளித்துக்காட்டினாள். அக்காள் அவள் தலையில் தட்டினாள். வாத்தியார் நோட்டைத் திறந்து, மைப்பெட்டியைத் தள்ளி வைத்து, பூட்டுக்காரரைப் பார்த்து, ஆள் கிடைத்ததா என்றார். இல்லை என்று தலையசைத்தார் அவர்.

அவள் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து அவர் முன்னே வைத்தாள். பிரித்தார். ஒன்றையொன்று கவ்வியபடி இருந்த ஒரே கட்டி. சாவி செதுக்குகிறவர், இணைப்பு எங்கே என்று நகத்தால் தேடினார். இரண்டாவது சுற்றில்தான் அகப்பட்டது. அதைப் பிரிக்காமல் நிமிர்ந்தார்.

"வெறுமையா கேட்டிருந்தேனே."

"கேட்டீங்க. அது என்னோடது இப்ப."

அவர் கட்டியை உள்ளங்கையில் ஒருமுறை புரட்டினார்.

"நான் ஒரு வாரம் வரலேன்னா," என்றாள், "வடக்க போயிட்டேன்னு எழுதக்கூடாது. போன் பண்ணணும்."

வாத்தியாரின் பேனா நின்றது. தான் சிரித்தபடி வாசித்த அந்தத் தாள் அவளுக்கு என்னவாக இருந்தது என்று இப்போதுதான் புரிந்ததுபோல் அவர் முகம் சுருங்கியது. அவள் அவரைப் பார்க்கவில்லை.

பூட்டுக்காரர் சட்டைப்பையிலிருந்து சாவிக்கு ஒட்டும் சீட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "நம்பரைச் சொல்லுங்க," என்றார். அவள் சொன்னாள். ஒவ்வோர் எண்ணாக எழுதி, திருப்பிப் படித்துக் காட்டினார். சரி என்றாள்.

பிறகு அந்தக் கட்டியை அவர் கையிலிருந்து வாங்கி, ஓரத்தில் கட்டைவிரலை வைத்து லேசாகத் திருகினாள். மெல்லிய சத்தத்தோடு பிரிந்தது. இடப்பக்கம் சாய்ந்ததைத் தன் கையில் வைத்துக்கொண்டு, மற்றதை அவருடைய கருத்த விரல்களுக்குள் வைத்தாள்.