மூன்று தரம் கூப்பிட்ட பேர்

டொக்டர் கிருஷாந்தி எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பாக வந்தபோது அவருக்கு இருபத்தொன்பது வயது. கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் லண்டனுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள். இங்கிருந்த பெரிய டொக்டரும் அந்த வருடமே விமானம் ஏறினார். ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று நான் சொல்லிச் சிரித்தேன். நான் மரியரட்ணம். முப்பது வருடமாக வெளிநோயாளர் பிரிவு வாசலில் நிற்கும் சிற்றூழியன்.

டொக்டர் பிறந்தது வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில். அப்பா ஆண்டியப்பன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர், அம்மா கொழுந்து எடுத்தவர். வந்த இரண்டாம் வாரமே டொக்டர் என் அதிகாரத்தில் கை வைத்தார். அதுவரை நான்தான் முகத்தைப் பார்த்து ஆட்களை உள்ளே விடுவேன். மூச்சு வாங்குகிறவர்களை முந்தி உள்ளே விடுவேன். உண்மையைச் சொன்னால், சேர்ச்சில் பழகியவர்களையும் முந்தித்தான் விடுவேன். அது அநியாயம் என்றார் டொக்டர். அநியாயம்தான், நான் மறுக்கவில்லை.

பிறகு கம்பியூட்டர் வந்தது. பதிந்த வரிசைப்படி திரையில் பேர் விழும். நான் மைக்கில் கூப்பிட வேண்டும். மூன்று தரம் கூப்பிட்டும் வராவிட்டால் அந்த ஆளின் அட்டை பின்னேரத்துக்குப் போய்விடும். இந்தச் சட்டம் முழுக்க டொக்டர் போட்டது. நாலு மணித்தியாலம் காய்ந்து கிடந்த சனம் ஒன்றரை மணித்தியாலத்தில் வீடு போனது. மாகாண அலுவலகத்திலிருந்து வந்து படம் பிடித்தார்கள். மருத்துவ நிர்வாகப் படிப்புக்கு அவரைத் தெரிவு செய்யப் போவதாகவும் பேச்சு அடிபட்டது. ஓர் ஆஸ்பத்திரியைச் சீராக்கினால் ஆயிரம் நோயாளியைப் பார்த்த மாதிரி என்பார். நானும் நம்ப ஆரம்பித்திருந்தேன்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தோட்டத்தின் மேல் கணக்குப் பிரிவிலிருந்து நாகலெட்சுமி என்ற அம்மா தனியாக வந்து, நெஞ்சு கரிக்கிறது என்று பதிந்தார். அடையாள அட்டையில் சோலைமலை நாகலெட்சுமி என்று இருந்தது. நம் சனத்துக்கு அப்பா பேர்தானே முன்னால் வரும். திரையிலோ முதல் சொல் மட்டும்தான் விழும். நான் சோலைமலை, சோலைமலை, சோலைமலை என்று கூப்பிட்டேன். ஆண்கள் யாரும் எழும்பவில்லை. யாரோ ஓர் ஆளைக் கூப்பிடுகிறார்கள் என்று அந்த அம்மா சுவரில் சாய்ந்தபடியே இருந்திருக்கிறார். செத்துப்போன அப்பனை ஆஸ்பத்திரியில் யார் கூப்பிடப் போகிறார்கள்?

பகல் ஒரு மணிக்குப் பெஞ்சைத் துடைக்க வந்த பெண் எழுப்பிப் பார்த்தாள். உயிர் இல்லை. முன்பென்றால் அந்த முகத்தைக் கண்டதும் உள்ளே அனுப்பியிருப்பேன். மைக் கைக்கு வந்த பிறகு நான் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அந்தப் பாவம் என்னுடையது.

விசாரணைக்கு மாகாண அதிகாரி வந்தார். டொக்டர் எதையும் மறைக்கவில்லை. கண்டியில் படிக்கும்போது தன்னையே ஆண்டியப்பன் என்றுதான் கூப்பிட்டார்கள், தனக்காவது இது தோன்றியிருக்க வேண்டும், பிழை தன் சட்டத்தில்தான் என்று சிங்களத்தில் தெளிவாகச் சொன்னார். அதிகாரி கேட்டுக்கொண்டே, "நோயாளி அழைப்புக்குப் பதிலளிக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினார். டொக்டர் மறுத்தார். அப்படியென்றால் கூப்பிட்டவரின் கவனக்குறைவு என்றுதான் எழுத வேண்டிவரும், மரியரட்ணத்தை இடைநிறுத்த வேண்டும் என்றார் அதிகாரி. எனக்கு ஓய்வூதியத்துக்கு இரண்டு வருடம் இருந்தது. டொக்டர் என்னைப் பார்த்தார். என்னைப் பற்றி யோசிக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் கையெழுத்துப் போட்டார்.

மறுநாளே திரையில் முழுப் பேரும் விழும்படி மாற்றினார். மற்ற இடங்களிலும் மாற்றச் சொல்லி மேலே எழுதினார். பிழையே நடக்காதபோது திருத்தம் எதற்கு என்று பதில் வந்தது. பழைய முறை அப்படியே இன்னும் ஆறு ஆஸ்பத்திரிகளுக்குப் போனது. அதே மாதம் படிப்புக்கும் அவரைத் தெரிவு செய்தார்கள். வாழ்த்துச் சொல்லப் போனேன். "வேணாம் அண்ணே" என்றார்.

ஏப்ரலில் நாகலெட்சுமியின் மகள் நிலக்ஷி வந்தாள். கொழும்பில் ஒரு கடையில் வேலை. அழைப்புக்குப் பதிலளிக்கவில்லை என்று ஆஸ்பத்திரி அனுப்பிய கடிதத்தை மேசையில் விரித்து வைத்து, அம்மாவை உண்மையாகவே கூப்பிட்டார்களா என்று கேட்டாள்.

"கூப்பிட்டாங்க" என்றார் டொக்டர்.

"மூணு தரமா?"

"மூணு தரம்."

அந்தப் பிள்ளை கடிதத்தை மடித்தாள். பையில் வைத்தாள்.

"அம்மா படிக்காதவங்க டொக்டர். வெளங்கியிருக்காது. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க, மன்னிச்சிருங்க" என்றாள்.

டொக்டர் சரி என்பதுபோல் தலையை ஆட்டினார்.