சஷ்டிக்குச் சஷ்டி

சொர்ணாம்பாளுக்குத் தன் உடம்பைக் கவனிக்க மாதத்தில் ஒரு நாள் வாய்த்தது. அது வளர்பிறைச் சஷ்டி.

மற்ற நாட்கள் நமச்சிவாயத்துக்கு. நான்கு வருடங்களுக்கு முன்பு பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துபோன கணவர். மின்வாரியத்தில் கம்பம் ஏறிய உடம்பு. படுத்த பிறகும் கனம் குறையவில்லை. விடியுமுன் எழுந்து அவரைப் புரட்டி, துடைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டுவாள். அவர் மிச்சம் வைத்ததுதான் அவள் காலைச் சாப்பாடு, அதுவும் நின்றபடி. பக்கத்து வீட்டுச் சுடலைவடிவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஒன்பதரைக்குள் ஓட வேண்டும். அம்பாசமுத்திரத்தில், குமரகுருபரன் அண்ணாச்சியின் பத்திர எழுத்தர் கடையில் தட்டச்சு வேலை.

அவளுக்குச் சர்க்கரை இருப்பது ஆறு வருடம் முன்பே தெரியும். மாதம் ஒருமுறை ரத்தம் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. அவர் விழுந்த பிறகு அந்த இரண்டு நடைக்கும் நேரம் எங்கே? யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். சஷ்டிக்கு எப்படியும் பட்டினி. முதல் நாள் மத்தியானம் சாப்பிட்டதோடு சரி. மதியம் கடையில் எல்லோரும் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது, அவள் நாலு கடை தள்ளியிருந்த பரிசோதனை நிலையத்துக்குப் போய்க் கையை நீட்டிவிடுவாள். இந்த யோசனையில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"வாங்கக்கா, இன்னைக்குச் சஷ்டியா? காலண்டரே பாக்க வேண்டாம், ஒங்களப் பாத்தாப் போதும்" என்பான் ரத்தம் எடுக்கும் இசக்கிமுருகன். "சாப்பிட்டுட்டு ஒருக்கா வரணும்லா?"

"விரதத்துல எங்கன சாப்பிட? ஒன்ன மட்டும் பாரு."

"சரிதான். ஒங்க சுகரு முருகன் கணக்குல ஓடுது. நமக்கு என்ன?"

நூற்றிருபத்தெட்டு. நூற்று முப்பத்தொன்று. கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். முதல் வருடம் சர்க்கரை மாத்திரையை ஒருவேளையாகக் குறைத்தாள். மறுவருடம் அதையும் நிறுத்தினாள். வீட்டில் மாத்திரை டப்பாக்கள் நிறைய இருந்தன, எல்லாம் அவருடையவை.

மகள் விஜயஸ்ரீ பெங்களூரிலிருந்து ஞாயிறுதோறும் பேசுவாள். "அம்மா, ஒனக்குன்னு தெனமும் அரை மணி நேரம் ஒதுக்கும்மா. சும்மா கண்ண மூடி உக்காரு. வீடியோ அனுப்பிருக்கேன், பாத்தியா?"

"கண்ண மூடினா தூங்கிருவேன்ட்டி. அப்பாவ யாரு பொரட்டுவா?"

"வெளையாடாதம்மா."

விளையாடவில்லை. அந்த அரை மணி நேரத்தை நாளின் எந்த இடத்திலிருந்து வெட்டி எடுப்பது என்று அவள் உண்மையாகவே யோசித்துப் பார்த்திருக்கிறாள்.

போன ஐப்பசியில் ஒருநாள் கடையில் அண்ணாச்சி ஒரு பத்திர நகலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டார். "ஏம்மா சொர்ணம், களக்காட்டுக்காரரு வாங்க வந்தது வாழைத்தோட்டம். நீ அவருக்குச் சுடுகாட்ட எழுதி வச்சிருக்க!"

சர்வே எண்ணில் எட்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று. களக்காட்டுக்காரரே சிரித்துவிட்டார். "என்னைக்கோ போற எடந்தான, அண்ணாச்சி. சேத்தே எழுதிருங்க."

சொர்ணாம்பாளும் சிரித்தாள். திருத்தி அடித்தாள். மறுபடியும் மூன்றுதான் விழுந்தது. உள்ளங்கையால் இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். கணினித் திரை இருந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறம் மட்டும் இருந்தது.

"கண்ணாடிய மாத்தணும் போல, அண்ணாச்சி."

"சனிக்கெழம லீவு எடுத்துக்க. மொதல்ல அதப் பாரு தாயி."

திருநெல்வேலியில் கண் மருத்துவமனை. சொட்டு மருந்து விட்டு, ஒளியடித்து, நெடுநேரம் பார்த்தார் டாக்டர் ஃபர்ஹத். மகள் வயதுதான் இருக்கும்.

"சுகர் பாத்துட்டுத்தான வாறீங்க?"

சொர்ணாம்பாள் பையைத் திறந்து, தேதிவாரியாக அடுக்கி நூல் கட்டிய சீட்டுகளை எடுத்து நீட்டினாள். டாக்டர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். "இதெல்லாம் அவ்வளவு மோசமில்லையே. எந்த நேரத்துல எடுத்தது?"

"சஷ்டிக்குச் சஷ்டி, டாக்டர். அன்னைக்கு வெறும் வயிறுதான."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு நாள் முழுக்கப் பட்டினி கெடந்து ரத்தம் குடுத்திருக்கீங்க. மத்த இருபத்தொம்பது நாளும் ஒடம்புல என்ன ஓடுச்சுன்னு எப்படிம்மா தெரியும்?"

"மத்த நாளு நேரம் இல்ல, டாக்டர்."

மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனையை அங்கேயே எடுத்தார்கள். ஏழுக்குள் இருக்க வேண்டியது பத்தைத் தாண்டியிருந்தது. வலக்கண்ணில் உள்ளே ரத்தம் கசிந்து, விழித்திரை பிய்ந்திருந்தது. அந்தப் பார்வை திரும்பும் என்று சொல்ல முடியாது. இடக்கண்ணை ஊசியும் லேசரும் போட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம், திங்கட்கிழமையே தொடங்க வேண்டும் என்றார் டாக்டர்.

"அது வரைக்கும் குனிஞ்சு பாரம் தூக்கக் கூடாது. முக்கக் கூடாது. நரம்பெல்லாம் பிஞ்சுபோற நெலமைல இருக்கு. வீட்டுல ஒங்களுக்கு ஒத்தாசைக்கு யாரு இருக்கா?"

சொர்ணாம்பாளுக்கு ஏனோ அண்ணாச்சி கடையில் வந்த மாதிரி சிரிப்பு வந்தது. "நாந்தான் டாக்டர் இருக்கேன்."

சேரன்மகாதேவி வழியாக வந்த பேருந்தில், மருந்து விட்ட கண்களில் வெயில் ஊசியாக இறங்கியது. வயல்கள் வெறும் பச்சைக் கறையாக ஓடின. வீடு வந்து சேர்ந்தபோது சுடலைவடிவு வாசலிலேயே நின்றாள். ஏழு மாத வயிறு.

"ஒரு மணிக்கே நனைச்சுட்டாவ, மைனி. என்னால தூக்க முடியல. எங்க வீட்டு ஆளுக்கும் இன்னைக்கு டூட்டி. கோவிச்சுக்கிடாதிய."

"நீ என்ன செய்வ? போய்ப் படு, போ."

உள்ளே நமச்சிவாயம் ஈரத்திலேயே கிடந்தார். அவளைக் கண்டதும் இடக்கையைத் தூக்கித் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். "க... கண்ணு?"

"ஒண்ணுமில்ல, அத்தான். சொட்டு மருந்து விட்டிருக்கு."

திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரு முழு ஞாயிறு கிடந்தது. ஈரத்தில் விட்டால் முதுகு புண்ணாகிவிடும். ஒருமுறை ஆகி, ஆற ஐந்து மாதம் பிடித்தது. சேலையைச் செருகிக்கொண்டு குனிந்தாள். அவர் அக்குளுக்குள் கைகொடுத்து மூச்சைப் பிடித்துத் தூக்கினாள்.

"பைய, அத்தான். பைய."

பாதி எழுந்தபோது இடக்கண்ணுக்குள் ஒரு கறுப்பு நூல் மேலிருந்து இறங்கியது. அப்புறம் நூல் பிரிந்து பிரிந்து புகையாயிற்று. அவர் முகம் அந்தப் புகைக்குள் போயிற்று. அவர் ஏதோ குழறினார், என்னவென்று விளங்கவில்லை.

அந்நிலையில் அவரை விட்டுவிட முடியாது. மார்போடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு, உலர்ந்த விரிப்பு எங்கே இருக்கிறதென்று ஒரு கையால் தடவித் தேடினாள்.