வீட்டுக்காரர்கள் கடைசியில்

இசக்கியம்மாள் அக்காவின் பெயரை வைத்தே அவர் நடத்திக்கொடுத்த ஊர்த் தீர்மானத்தைத் திருடிவிட்டார்கள்.

அக்கா மாரடைப்பால் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது வள்ளியூரில் பேருந்துக்கு நின்றிருந்தேன். தாமிரபரணிக் கால்வாய்க் கிராமங்களில் மகளிர் குழுக்களை நடத்தும் தொண்டு நிறுவனத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். ஊர்க்கூட்டம் நடத்துவது அவர் பொறுப்பு.

எங்கள் பக்கத்துக் கூட்டங்கள் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும்: "அண்ணாச்சி சொன்னா சரிதான்." அக்காவுக்கு அந்த வாக்கியம் ஆகாது. அவருடைய கூட்டத்தில் முதலில் பேச்சே கிடையாது. எல்லோரும் தனித்தனியே யோசிக்க வேண்டும். பிறகு பின்வரிசையிலிருந்து ஆளுக்கு ஒரு யோசனை. சுற்று முடியும்வரை யாரும் மறுத்துப் பேசக்கூடாது. விவாதம் அதற்கப்புறம்தான், முடிவு புளியமுத்து வாக்கில்: யோசனைக்கு ஒரு சட்டி, பிடித்ததில் ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. "ஒருத்தர் வாயத் தொறந்துட்டா மத்தவங்க மூளை மூடிக்கிடும்" என்பார்.

குடிநீர்த் தொட்டியை எந்தத் தெருவில் கட்டுவது என்று ஓர் ஊரில் கூடினோம். வாக்கு நேரத்தில் எல்லோரும் முத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊர்ப் பெரியவரான அண்ணாச்சியின் கையையே பார்த்தார்கள். அவர் வடக்குத் தெருச் சட்டியில் போட்டார். ஊரே அதில் போட்டது. தண்ணீருக்குக் கால்வாய்வரை நடக்கும் தெற்குத் தெருப் பெண்களும் அதிலேயே போட்டார்கள். எனக்குக் கொதித்தது. அக்கா முத்துகளை அள்ளி மறுபடி பங்கிட்டார். சட்டிகளைச் சேலைத் திரைக்குப் பின்னால் வைத்தார். அண்ணாச்சி கடைசியில் போடட்டும் என்றார்.

"என்னயக் கடைசியில போடச் சொல்லுதியே தாயி, நான் என்ன பந்திக்குப் பிந்தினவனா?"

"கல்யாண வீட்டுல வீட்டுக்காரங்க கடைசியிலதான சாப்பிடுவாவ, அண்ணாச்சி. ஊரே என் வீடுன்னு நீங்கதான சொல்லுவீய."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அண்ணாச்சி முத்தோடு வரிசையின் கடைசிக்குப் போனார். தெற்குத் தெரு வென்றது. வெளியே வந்ததும் துள்ளிய என்னை அக்கா அடக்கினார்: "பைய. முத்துதான போட்டிருக்கு. தொட்டிக்குக் குழி இன்னும் தோண்டலயே."

அந்தக் குழியைப் பார்க்காமலே போய்விட்டார்.

நேற்று அந்த ஊரில் இரங்கல் கூட்டம். பேசுவோரில் ஒரு பெண்கூட இல்லை. அண்ணாச்சி அக்காவைத் தெய்வம் என்றார். தொட்டிக்கு அவர் பெயரையே வைக்கப்போவதாகவும், கோயிலை ஒட்டி வடக்குத் தெருவில் அது அமையும் என்றும் அறிவித்தார். முன்வரிசை கைதட்டியது.

மாலை போட்ட படத்தில் அக்கா, எதிரே இருப்பவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருப்பதுபோல் இருந்தார். போய் வாருங்கள் அக்கா என்று பூவைப் போட்டுவிட்டு, மைக்கை வாங்கிக் கேட்டேன்:

"ஊர் தீர்மானிச்சது தெற்குத் தெரு. அங்கன என்னைக்குக் குழி தோண்டப் போறீய, அண்ணாச்சி?"

அடுத்துப் பேசுபவரின் பெயரை அறிவித்தார்கள்.