ஸ்கூட்டருக்கு நூறு, காருக்குச் சாதா

வண்டிகளைப் பற்றி சஹாபுதீனுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. தெரிந்து வைத்திருந்ததில் பாதி தப்பு என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

கும்மிடிப்பூண்டியில் சிப்காட் போகிற வழியில் பழைய பைக், ஸ்கூட்டர்களை வாங்கி விற்கும் கடை அவருடையது. உருக்காலைக்கு வேலைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் அவர் விற்ற வண்டியில் போகிறார்கள், மீதிப் பாதி அவர் விற்ற வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று அவர் வீடு இருக்கிற பழவேற்காட்டில் சொந்தக்காரர்களே சொல்வார்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். தள்ளுவது உடம்புக்கு நல்லது என்பார்.

பெட்ரோல் விஷயத்தில் அவருக்கு ஒரு கொள்கை உண்டு. பெட்ரோல் என்பது சாப்பாடு. நோஞ்சானுக்குத்தான் சத்தான சாப்பாடு வேண்டும். ஆகவே பத்தடிக்கு ஒரு தரம் இருமுகிற தன் கிழட்டு ஸ்கூட்டருக்கு, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போகிற வழியில், நூறு ஆக்டேன் பெட்ரோல் போடுவார். ஓட்டப்பந்தய வண்டிகளுக்கென்று விற்கிற, விலையைக் கேட்டால் வயிறு எரிகிற பெட்ரோல் அது. பங்க்கில் பெட்ரோல் போடும் ஜோதிலட்சுமிக்கு அந்த ஸ்கூட்டரைப் பார்த்தாலே சிரிப்பு வந்துவிடும்.

"பாய், பல்லு இல்லாதவனுக்கு பிரியாணியா?"

"வயசாயிடுச்சுமா. தெம்பு வேணாவா?"

சாதா பெட்ரோலுக்கும் நூறுக்கும் வித்தியாசம் சத்தில் இல்லை, பொறுமையில் இருக்கிறது. எஞ்சினுக்குள் எவ்வளவு அழுத்தினாலும் பொறி வருகிறவரை பற்றிக்கொள்ளாமல் காத்திருப்பது நூறு. சாதாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. சாதுவான வண்டியில் இது யாருக்கும் தெரியாது. முரட்டு வண்டியில் பெட்ரோல் முந்திக்கொண்டு வெடிக்கும். உள்ளே சுத்தியலால் தட்டுவது போலச் சத்தம் வரும். அதைக் கண்டுகொள்ளாமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் எஞ்சின் போய்விடும். இதை சஹாபுதீனுக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவர் திருத்தியிருப்பார், சொன்னவரை.

இனி முஜீப். சஹாபுதீனின் மனைவி ஜெய்னம்புவின் தம்பி. ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் சூளூர்ப்பேட்டையில் ரெடிமேட் துணிக்கடை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சிவப்பு ஜெர்மன் கார் வாங்கினான். பழையதுதான், ஆனால் தரையோடு தரையாகப் பதுங்கி, நாலு சைலன்சரோடு நிற்கிற வேட்டைக் கார். பெருநாள் விருந்தில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது சஹாபுதீன் கேட்டார்: "டோல்கேட்டு லைன்ல நிக்கிறதுக்கு இம்மாம் ஸ்பீடு எதுக்கு மச்சான்?" பந்தியே சிரித்தது. முஜீப் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போனான். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

இப்போது சஹாபுதீனின் மகள் ஹஸ்னாவுக்குக் கல்யாணம். "மாமா வரலன்னா என்னாண்ட யாரும் நிக்காஹுக்குச் சம்மதம் கேக்க வராதீங்க" என்று அவள் சொல்லிவிட்டாள். ஜெய்னம்பு போனில் அழுதாள். முஜீப் வருவதாகச் சொன்னான். அதோடு விடவில்லை: மாப்பிள்ளையைக் கும்மிடிப்பூண்டியிலிருந்து பழவேற்காட்டுக்கு அழைத்து வர அதே காரைத் தருவானாம். ஒரே நிபந்தனை, சஹாபுதீன்தான் ஓட்ட வேண்டும். சமாதானம் என்று பார்த்தால் சமாதானம், பழிவாங்கல் என்று பார்த்தால் பழிவாங்கல். மருமகனுக்கு மாமனார் டிரைவர்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை ஜெய்னம்பு புருஷனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். "இன்னாங்க, அவன் வண்டிக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவன் அப்படியே திரும்பிப் போயிடுவான். அப்புறம் எனக்குத் தம்பி இல்ல. பாத்துக்கோங்க."

ஆந்திராவில் பெட்ரோல் விலை கூடுதல். அதனால் எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் டேங்கை வழித்துத் துடைத்துக்கொண்டு வந்து இந்தப் பக்கம் நிரப்பிப் போவார்கள். முஜீப்பும் அப்படித்தான் வந்திருந்தான். பெட்ரோல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சாவியைக் கொடுக்கும்போது, "நூறு போடு மச்சான். வேற எதையும் போட்டுறாத" என்றான்.

சஹாபுதீன் காரைப் பங்க்கில் நிறுத்தினார். ஜோதிலட்சுமி கேட்டாள்: "சாதாவா பாய், நூறா?"

அவர் காரைச் சுற்றிப் பார்த்தார். அகலமான டயர், புடைத்த தோள். பயில்வான். பயில்வானுக்கு எதற்கு டானிக்? அதுவும் போக, வண்டி விஷயத்தில் துணிக்கடைக்காரன் சொல்லி இவர் கேட்பதா?

"சாதா. ஆனா ஃபுல் பண்ணு. கழுத்து வரைக்கும்."

பம்ப் தானாக நின்ற பிறகும் மறுபடி அமுக்கச் சொன்னார். இரவல் வண்டியைத் ததும்பத் ததும்ப நிரப்புவதுதான் மரியாதை என்பது அவருடைய இன்னொரு கொள்கை.

மறுநாள் மதியத் தொழுகையான லுஹருக்கு முன்னால் நிக்காஹ். மாப்பிள்ளை ஹனீப் ஷெர்வானியும் பூச்சரமுமாகப் பின்சீட்டில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தான். உருக்காலையில் எஞ்சினியர், மாமனார் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதால் மூச்சைக்கூட அளந்து விட்டான். முன்சீட்டில் முஜீப். பின்னால் மாப்பிள்ளை வீட்டு வேன், அதற்குப் பின்னால் பைக்கில் சிநேகிதர்கள்.

நெடுஞ்சாலைக்கு வந்ததும் பைக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு முந்தினார்கள். "மாமா, ரேஸ் வண்டின்னாங்க, ரோடு ரோலரா இது?" என்று ஒருவன் கத்தினான்.

முஜீப் தொடையைத் தட்டினான். "அழுத்து மச்சான். டோல்கேட்டு லைன்ல நிக்கிற வண்டியான்னு காட்டு."

மேம்பால ஏற்றத்தில் சஹாபுதீன் அழுத்தினார். கார் பாயவில்லை, முனகியது. எஞ்சின் பக்கமிருந்து, காய்ந்த பட்டாணியைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம்.

"இன்னா சத்தம் அது?"

"கல்லு. ரோட்ல ஜல்லி கெடக்குது."

ரோடு துடைத்து விட்ட மாதிரி இருந்தது. சஹாபுதீன் காலைத் தளர்த்தினார், சத்தம் நின்றது. அழுத்தினார், வந்தது. தளர்த்தினார், நின்றது. ஏசிக் காற்றிலும் முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. முஜீப் ஏசியை அணைத்தான், பாட்டை அணைத்தான், காதைச் சாய்த்துக் கேட்டான். அடுத்த ஏற்றத்தில் பட்டாணி மறுபடி குலுங்கியது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் எஞ்சின் படம் போட்ட ஒரு மஞ்சள் விளக்கு கண்ணைச் சிமிட்டியது.

"ஓரங்கட்டு."

கட்டினார். லாரிகள் காரை ஆட்டிவிட்டுப் போயின. வேன் பின்னால் வந்து நின்றது. பெண்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். முஜீப்பின் முகம் பெருநாளன்று எழுந்து போனானே, அப்போதிருந்த முகம்.

"இன்னா பெட்ரோல் போட்ட?"

சஹாபுதீனுக்கு நாக்கு முந்திக்கொண்டது. அதற்கும் பொறுமை போதவில்லை. "நீ சொன்னதுதான். பங்க்ல ஏதோ கலந்துட்டாங்க போல."

நல்ல பொய். யாரும் நம்புகிற பொய். அதுதான் தொல்லையாகப் போயிற்று. முஜீப் அப்படியே நம்பிவிட்டான்.

"எந்த பங்க்? திருப்பு வண்டிய. கல்யாண மாப்பிள்ளை போற வண்டிக்குக் கலப்படமா? போட்டவன் சட்டையப் புடிச்சு உலுக்கிட்டு அப்புறம் போலாம்."

"லுஹருக்கு நேரமாவுதுடா."

"ஆவட்டும். உன்ன ஏமாத்தினவன நான் சும்மா விடுவேனா மச்சான்?"

இரண்டு வருடத்துக்குப் பிறகு முஜீப் அவர் பக்கம் நிற்கிறான். அதுவும் ஒரு பொய்க்காக. சட்டை போட்டவன் அங்கே யாரும் இல்லை, ஜோதிலட்சுமிதான் இருப்பாள். அவள் கத்தல்களுக்கெல்லாம் அஞ்சுகிறவள் இல்லை. நேற்று போட்டது என்ன, யார் சொல்லிப் போட்டது என்று சாலை முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வாள். அதற்குள் நிக்காஹ் நேரம் போயிருக்கும். இப்போது சொன்னால் மருமகன் காதோடு போகும். ஆனால் முஜீப் இங்கேயே இறங்கி, எதிர்ப்பக்கம் பஸ் ஏறிவிடக்கூடும். அந்தப் பக்கத்திலிருந்து சூளூர்ப்பேட்டைக்குப் பஸ்ஸுக்குப் பஞ்சமே இல்லை. ஜெய்னம்புவின் முகம் கண் முன்னால் வந்தது.

"சாதா போட்டேன்" என்றார் சஹாபுதீன்.

"இன்னாது?"

"சாதா பெட்ரோல். நான்தான் போடச் சொன்னேன். பங்க்காரங்க மேல தப்பில்ல."

முஜீப் திரும்பி உட்கார்ந்தான். "ஏன்?"

"உன் வண்டி பயில்வான் மாதிரி இருந்துச்சு. பயில்வானுக்கு டானிக் எதுக்குன்னு பாத்தேன்." கொஞ்சம் நிறுத்தி, இனி எதை மறைத்து என்ன என்று, அதையும் சொன்னார். "நோஞ்சானுக்குத்தான நல்ல சாப்பாடு போடணும்? என் ஸ்கூட்டருக்கு வெள்ளிக்கிழமையானா நூறுதான் போடுறேன்."

பின்சீட்டிலிருந்து ஒரு விசித்திரமான ஓசை வந்தது. ஹனீப் பூச்சரத்தை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பை விழுங்கப் பார்த்தான், முடியாமல் வெடித்தான். "மன்னிச்சுக்கோங்க மாமா, மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிக்கொண்டே சிரித்தான்.

முஜீப் சிரிக்கவில்லை. "எவ்ளோ போட்ட? கொஞ்சமா இருந்தா தச்சூர்ல நூறு ஊத்தி சரிக்கட்டலாம்."

"ஃபுல்."

"ஃபுல்லா?"

"கழுத்து வரைக்கும்டா. உன் வண்டியாச்சேன்னு."

முஜீப் அவரை ஒரு முறை தலையிலிருந்து கால்வரை பார்த்தான். பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தான். சஹாபுதீன் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது முஜீப் காரைச் சுற்றி வந்து இவர் பக்கக் கதவில் நின்றுகொண்டிருந்தான்.

"தள்ளிக்கோ. அழுத்தாம ஓட்டுனா ஒண்ணும் ஆவாது. உனக்கு அழுத்தாம ஓட்டத் தெரியாது, ஓட்டாமலே இருக்கவும் தெரியாது."

அந்தச் சிவப்புக் கார் சாலையின் இடது ஓரமாக, முட்டை ஏற்றிய தள்ளுவண்டி போல, தச்சூர் வந்து, பொன்னேரி கடந்து, பழவேற்காட்டுக்குப் போயிற்று. ஷேர் ஆட்டோக்கள் முந்தின. கோழி வண்டி ஒன்று முந்தியது. முந்திய ஒவ்வொன்றையும் பார்த்து முஜீப் பல்லைக் கடித்தான். பட்டாணி மறுபடி குலுங்கவில்லை. பள்ளிவாசல் வாசலில் இமாம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது மாப்பிள்ளை இறங்கினான். ஹஸ்னாவிடம் சம்மதம் கேட்கப் போனவர்களில் அவளுடைய மாமாவும் இருந்தான்.

சாயங்காலம் விருந்தாளி ஒருவர் யோசனை சொன்னார்: டியூபைப் போட்டு உறிஞ்சி எடுத்துவிட்டால் ராத்திரியே ஊர் திரும்பலாம். முஜீப் சட்டென்று மறுத்தான். "கல்யாண ஊட்ல திருடன் மாதிரி பெட்ரோல் உறியறதா? வேணாம். நெடுஞ்சாலைல இதோட போவ முடியாது. மெள்ள ஓட்டித் தீத்துட்டு, நூறு போட்டுக்கினு போறேன்."

அப்படித்தான் முஜீப் அக்கா வீட்டில் தங்கினான். காலையில் ஏரிக்கரை வரைக்கும் ஒரு மெதுநடை; மாலையில் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு கலங்கரை விளக்கம் வரை இன்னொன்று. டேங்க் இறங்குகிற அவசரம் யாருக்கும் இல்லை. ஜெய்னம்பு நாளுக்கொரு மீன் குழம்பு வைத்தாள். முள் பக்கமாகப் புருஷனுக்கும் சதைப் பக்கமாகத் தம்பிக்கும் போட்டாள். சஹாபுதீன் முள்ளைப் பொறுக்கிக்கொண்டே சாப்பிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் ஸ்கூட்டரோடு பங்க்குக்குப் போனார்.

"இன்னா பாய், இன்னிக்காவது சாதாவா?" என்றாள் ஜோதிலட்சுமி.

"நூறு" என்றார் சஹாபுதீன். "காருக்கு ஒத்துக்கலன்னா அது காரோட உடம்பு வாகு. இதுக்கு இதுதான் ஒத்துக்குது."