பெயரில் ஓர் இடைவெளி

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றின் கம்ப்யூட்டர் அறையில் மோகனா வைத்ததுதான் சட்டம். தோல் வெட்டும் கணக்குக்கான புரோகிராம்களை எழுதுகிறவர்கள் ஒரே கம்ப்யூட்டரில் மாறி மாறி உட்கார்வார்கள். யார் எதை மாற்றினார்கள் என்று பெயரோடு ‘கிட்’ என்ற பதிவு மென்பொருளில் பதிய, அவள்தான் பைத்தான் மொழியில் ஸ்கிரிப்ட் என்கிற சிறு புரோகிராம் ஒன்றை எழுதி வைத்திருந்தாள். மேனேஜர் சூரியபிரகாஷ் அதைப் புகழாத மீட்டிங் இல்லை, வாணியம்பாடியிலிருந்து அஃப்ஸர் ஜஹான் வேலைக்கு வரும் வரை.

பிறகு எல்லாவற்றுக்கும் அஃப்ஸர்தான். புதிய டிசைன் பிரிவுக்கு ஒருவரைப் பொறுப்பாகப் போடப்போவதாகப் பேச்சு வந்ததும் மோகனாவுக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று வந்தவளாம், எல்லாம் தெரியுமாம் என்று கணவன் சம்பத்துக்குக் குழம்பு ஊற்றும்போதெல்லாம் புலம்பினாள். ஆபீசில் மதியச் சாப்பாட்டுக்கு அஃப்ஸர் கொண்டுவந்த எண்ணெய்க் கத்திரிக்காயில் உப்பு ஜாஸ்தி என்றாள். இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டாள்.

அஃப்ஸர் தான் எழுதி முடித்த முதல் புரோகிராமைப் பதியப்போனபோது கிட் மறுத்தது. ‘ஜஹான்’ என்று ஒரு கட்டளையே கிடையாது என்றது.

“பேரச் சேத்து எழுதிடேன்,” என்றாள் மோகனா, உள்ளுக்குள் குளிர்ந்து.

“பேரு ரெண்டு வார்த்தை அக்கா. ஸ்கிரிப்ட்டுல இன்னா இருக்குன்னு நான் பாக்கட்டுமா?”

மோகனா விடவில்லை. அஃப்ஸர் சாப்பிடப் போன நேரத்தில் தானே திறந்து பார்த்தாள். கே.மோகனா, பி.பரணிதரன் என்று எல்லோரும் இனிஷியலைப் புள்ளி வைத்து ஒட்டியே எழுதினார்கள். பெயருக்கு நடுவில் இடைவெளி வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. கட்டளை முழுவதையும் ஒரே வரியாகக் கோத்திருந்ததால், இடைவெளி வந்த இடத்தில் பெயர் அறுந்து, ‘ஜஹான்’ தனிக் கட்டளையாகிவிட்டது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்து அனுப்பும்படி மாற்றினாள். சோதித்துப் பார்க்க இடைவெளி உள்ள பெயர் அந்த அறையிலேயே ஒன்றுதான். அதையே அடித்தாள். திருத்தம் அந்தப் பெயரிலேயே பதிந்தது.

மறுநாள் சூரியபிரகாஷ் பதிவுகளைப் பார்த்துவிட்டு, அஃப்ஸர் ஸ்கிரிப்ட்டையே சரி செய்துவிட்டாளே என்றார். மோகனாவுக்குக் காது சுட்டது.

“நான் இல்ல சார். அக்கா பண்ணது. எம்பேரப் போட்டு டெஸ்ட் பண்ணியிருக்காங்க,” என்று சிரித்தாள் அஃப்ஸர்.

அப்படியானால் டிசைன் பிரிவை இரண்டு பேருமே சேர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

மோகனா நன்றி சொன்னாள். அஃப்ஸர் மட்டும் வாயை மூடிக்கொண்டு அந்தப் புகழை வாங்கிக்கொண்டிருந்தால், ஆயுசுக்கும் திட்ட ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.