கைப்பிடி அரிசியில் ஓர் அசனம்: பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு ஞாயிறு

திருவனந்தபுரம் போகிற வழியில் எங்கே இறங்கலாம் என்று கேட்டு மாதம் ஒருவராவது எனக்கு எழுதுகிறீர்கள். எல்லோரும் எதிர்பார்க்கிற பதில் பத்மநாபபுரம் அரண்மனை. நன்றாகப் பாருங்கள், கால் வலிக்கும். நான் சொல்லப்போகிற இடத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமே கிடையாது. கல்யாணமான புதிதில், எழுபதுகளின் கடைசியில், ஒரு சனிக்கிழமை போய் ஞாயிறு மாலை திரும்பினேன். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர் பார்த்துவிட்டேன். இன்றைக்கும் ஒரே ஓர் ஊருக்கு மறுபடி போகலாம் என்றால் அங்கேதான் போவேன்.

போன காரணம் சாப்பாடு. என் வீட்டுக்காரரோடு நாகர்கோவில் பட்டறையில் வெல்டராக இருந்த கிறிஸ்துதாஸ் கல்ஃபுக்குப் போய் முதல் விடுமுறையில் வந்திருந்தார். “எங்க சபையில அசனம், இந்த வருசம் முழுக்க என் பொறுப்பு, வந்தே ஆகணும்” என்று நேரில் வந்து கூப்பிட்டார். அசனம் என்றால், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், சபையார் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. ஊரில் யாரும் வரலாம், எந்த மதமும் வரலாம். சாப்பாடு என்றால் என் வீட்டுக்காரரைக் கையில் பிடிக்க முடியாது.

நாகர்கோவிலில் மூன்று மணிக்குப் பஸ். களியக்காவிளை முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். டிக்கெட் விலை நினைவில்லை, புளுகி எழுத மனம் வரவில்லை. எல்லையில் இறங்கிக் கேரளப் பஸ் பிடித்தால் பாறசாலை கூப்பிடு தூரம்தான். அங்கிருந்து மேற்கே ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. வழியெல்லாம் மரச்சீனி என்கிற மரவள்ளித் தோட்டம், வாழை, ஓலைக் குடிசைகளுக்கு நடுவே திடீரென்று ஒரு கான்கிரீட் வீடு. அந்த வீடுகளின் வெள்ளைச் சுண்ணாம்பு கூடக் காய்ந்திருக்கவில்லை. எங்களோடு பஸ்ஸில் வந்த பெண்கள் சிலர் வயிறு பெருத்து நடக்க முடியாமல் நடந்தார்கள். எல்லோருமா மாசமாக இருக்கிறார்கள் என்று கேட்டேன். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டு, “அரிசி” என்றார். அப்போதெல்லாம் எங்கள் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் அனுமதிச் சீட்டில்லாமல் அரிசி கொண்டுபோகத் தடை. மடியில் கட்டிக்கொண்டும், வயல் வரப்பில் தலைச்சுமையாகவும் அது பாட்டுக்கு எல்லை தாண்டிக்கொண்டிருந்தது.

கிறிஸ்துதாஸின் வீடு பத்து சென்ட் நிலத்தில். பிறர் நிலத்தில் குடிசை கட்டி வாழ்ந்தவர்களுக்குச் சட்டம் வாங்கிக் கொடுத்த பத்து சென்ட் அது. நிலம் மேலத்து வீட்டுக்காரர்களுடையது. அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், கிறிஸ்துதாஸின் அப்பாவும் விடவில்லை. தீர்ப்பு வந்த நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. நடுவில் ஒரு வேலி, அவ்வளவுதான் தூரம்.

அவருடைய மனைவி லில்லிபாய் மரச்சீனியும் மீன்கறியும் வைத்தாள். சாப்பிட்டு முடிந்ததும், அசனத்தை ஏன் தனியாக ஏற்றுக்கொண்டீர்கள் என்று நான் கேட்டேன். கிறிஸ்துதாஸ் சொன்னார். கல்ஃபில் வேலைக்குப் போகும்போது பாலைவன ரோட்டில் வண்டி புரண்டிருக்கிறது. இவரோடு ஒரே அறையில் படுத்த இரண்டு பேர் அங்கேயே போய்விட்டார்கள். இவருக்கு ஒரு கீறல் கிடையாது. என்னை அவர் மைனி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவார்.

“மைனி, நான் ஆருட்டயும் எதையும் சும்மா வாங்கினதில்ல. இந்தப் பத்து சென்டு எங்க அப்பாவுக்க உரிமை, கேஸ் நடத்தி வாங்கினதாக்கும். கல்ஃப் சம்பளம் வெயிலுல நின்னு வாங்கினது. ஆனா இந்த உயிரு? இதுக்கு நான் என்ன செய்தேன்? அவனுவளும் செபம் பண்ணுறவனுவதான். அன்னையிலேருந்து உறக்கம் இல்ல. அசனம் முழுக்க நானே போடுதேன்னு பொருத்தனை பண்ணிட்டேன். அது முடிஞ்சாத்தான் எனக்கு ஆண்டவருக்க மொகத்தப் பாக்க முடியும்.”

நான் பாளையங்கோட்டைக்காரி, ஞாயிறு பள்ளி ஆசிரியை வேறு. வாய் சும்மா இருக்குமா? “கிருபை என்றாலே இலவசம்தானே, நற்கிரியை செய்து அதை ஈடுகட்ட முடியுமா?” என்று பாடம் எடுத்தேன்.

“சொல்லுததுக்கு எளுப்பம் மைனி. நீங்க அந்த வண்டியில இல்லியே” என்றார்.

அந்தச் சபையில் அசனத்துக்கு அரிசி சேரும் விதம் தனி. ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது பெண்கள் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலத்தில் போட்டு வைப்பார்கள். பிடியரிசி என்பார்கள். மாதக்கணக்கில் சேர்ந்ததை அசனத்தன்று காலையில் கொண்டுவந்து ஒரே பாயில் கொட்டிக் கலப்பார்கள். இந்த வருடம் அது வேண்டாம், யாரும் எதுவும் கொண்டுவர வேண்டாம் என்று கிறிஸ்துதாஸ் சபையில் சொல்ல வைத்திருந்தார். நாகர்கோவிலிலிருந்து மூட்டை மூட்டையாகப் பொன்னி அரிசி லாரியில் வருகிறது, ராத்திரிக்குள் வந்துவிடும் என்றார்.

விடியும்போது வந்தது லாரி அல்ல, டிரைவர் மட்டும். முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். “அண்ணாச்சி, சாவடியில நிறுத்திட்டாவ. சீட்டு இல்லாம அரி விடமாட்டாவளாம். லாரி அங்கதான் கெடக்கு.”

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. “எலே தாசு, பச்சப்பிள்ளைக்குக்கூடத் தெரியும், இந்த ரோட்டுல அரிசி லாரி போகுமா? வரப்பு வழியா கொண்டுவந்திருந்தா நேத்தே வந்து சேர்ந்திருக்குமே!”

“அது ஆண்டவருக்க அரியாக்கும்” என்றார் கிறிஸ்துதாஸ். “அத எப்படி ஒளிச்சு கடத்துவேன்? சபைக்குன்னு சொன்னா விடுவாவன்னு நெனச்சேன்.”

எல்லையில் பிறந்து வளர்ந்தவர். ஊரே அரிசி கடத்தும்போது, கடவுள் காரியம் என்பதாலேயே நேர்வழியில் போய் மாட்டிக்கொண்டார். சாவடிக்காரர்களைக் குறை சொல்லவும் வழியில்லை, அவர்கள் வேலையை அவர்கள் செய்தார்கள். சபை வளாகத்தில் மூன்று பெரிய வார்ப்பு அண்டாக்களில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஊர் முழுக்க மத்தியானம் சாப்பிட வரும். அந்த மனிதர் வார்ப்புக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அழுதார் என்றுதான் நினைக்கிறேன், நான் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன்.

லில்லிபாய் எங்கே என்று தேடினேன். அவள் வீட்டுக்குப் போய் ஓர் அலுமினியப் பானையோடு திரும்பி வந்தாள். பாயை விரித்து, பானையைக் கவிழ்த்தாள். அரிசி. கிறிஸ்துதாஸ் நிமிர்ந்து பார்த்தார்.

“நிறுத்தச் சொல்லி நீங்க கல்ஃபுலேருந்து எழுதினிய” என்றாள். “கை கேக்கல்ல.”

அப்புறம் பார்த்தால் வரிசையாகப் பெண்கள். ஈயப் பாத்திரம், மண்சட்டி, பால்மாவு டின். வேண்டாம் என்று சொன்னதெல்லாம் போன வாரம்தானே. எந்த வீட்டிலும் கலத்தைக் காலி செய்திருக்கவில்லை. சிவப்பரிசி, ரேஷன் அரிசி, பழுப்பாய்ப் பழைய அரிசி, எல்லாம் ஒரே பாயில் விழுந்தது. அரிசி இல்லாத வீட்டுக்காரி ஒருத்தி வாழையிலைக் கட்டைப் போட்டுவிட்டுப் போனாள். யாரும் கிறிஸ்துதாஸிடம் ஆறுதல் சொல்லவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. கொட்டிவிட்டுக் காய் நறுக்க உட்கார்ந்துவிட்டார்கள். கிருபைக்கு நான் எத்தனையோ விளக்கம் படித்திருந்தேன், அது பாயில் குவிந்து கிடப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கடைசியாகக் கிறிஸ்துதாஸ் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். பாரதியம்மா, மேலத்து வீட்டுக்காரி, பத்து சென்ட் கேஸில் தோற்றவர். இடுப்பில் ஒரு பித்தளைச் செம்பு. அவர் இந்து, சபையில் உறுப்பினர் இல்லை, யாரும் அவரைக் கேட்கவும் இல்லை. பாயில் கொட்டாமல் நேராகக் கிறிஸ்துதாஸ் உட்கார்ந்திருந்த கல்லுக்குப் போய் நின்றார்.

“கிறிஸ்துதாஸே, இந்தா அரி. வாங்கிக்கோ” என்றார். “உனக்க வேண்டுதல் தெரியும். வேலிக்கு இப்புறம் எல்லாம் கேக்கும்.”

கிறிஸ்துதாஸ் எழுந்து நின்றார். கை நீளவில்லை. “அம்மா, ஒங்க கையிலேருந்து நான் எப்படி...” என்று பாதியில் நின்றுவிட்டார்.

“நெலம் நான் தந்ததில்ல, நீங்க எடுத்ததாக்கும். இது நான் தருதது. கை நீட்டு.”

அந்தக் கைகள் நீண்டதைப் பார்த்தேன். செம்பை வாங்கி, தானே கொண்டுபோய்ப் பாயில் கொட்டினார்.

ஆராதனை முடிந்து ஒரு மணிக்குப் பந்தி. கலந்த அரிசி ஒன்றுபோல வேகாது. பாதி குழைந்திருந்தது, பாதி நறுக்கென்று இருந்தது. பருப்பு, அவியல், புளிச்சேரி. பாரதியம்மா எதிர்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். கிறிஸ்துதாஸ் கரண்டியைத் தேடிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார், பரிமாறவாவது விடுங்கள் என்று. யாரும் கரண்டியைக் கொடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

முதல் சோற்றை அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். மறுசோறு வந்தபோது பழக்கதோஷத்தில் இரண்டு கையாலும் இலையை மறைத்தார். பரிமாறினவர் நகரவில்லை, அப்படியே நின்றார். கிறிஸ்துதாஸ் கைகளை எடுத்தார்.

“போடுங்கோ” என்றார். “நிறையப் போடுங்கோ.”

இப்போது போகிறவர்களுக்கு: பாறசாலையில் ரயில் நிற்கிறது. நெய்யாற்றின்கரையிலிருந்து வந்தால் அமரவிளை தாண்டிப் பத்து கிலோமீட்டருக்குள்தான், பஸ் அடிக்கடி உண்டு. அசனம் சபைக்குச் சபை வேறு நாளில் வரும், கடைத்தெருவில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். மழைக்காலம் என்றால் குடை எடுத்துக்கொள்ளுங்கள். வெறுங்கையோடு எப்படிப் போவது, பழமாவது வாங்கலாமா என்று யோசிப்பீர்கள். நானும் யோசிப்பேன், நம்மை வளர்த்த விதம் அப்படி. தயவுசெய்து வாங்காதீர்கள். பசியோடு போய் உட்காருங்கள். மறுசோறு வரும். இலையிலிருந்து கையை எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரியும்.