கப்பலில் வந்த பூ

பூவரசங்குளத்துக் குளக்கட்டில் மெதுவாக நடக்கிறேன். பூவையோ புல்லையோ படம் எடுத்தால் பெயர் சொல்லும் செயலி ஒன்று போனில் இருக்கிறது. அறுகுக்கும் ஆவாரைக்கும் உடனே பதில் வந்துவிட்டது. பொரி தூவியதுபோல் வெள்ளையாகப் பூத்திருக்கும் இந்தச் செடிக்கு மட்டும் சிக்னல் இல்லை. போகட்டும் என்று ஒரு கொத்து பறித்துக்கொள்கிறேன்.

கட்டுக்குக் கீழே, வயலோரத்தில், நாலைந்து பெண்கள் கையில் பொலித்தீன் பை மாட்டிக்கொண்டு அதே செடியை வேரோடு பிடுங்கிக் குவிக்கிறார்கள். ஒருவர் நிமிர்ந்து என் கையைப் பார்க்கிறார்.

"தங்கச்சி, அதைக் கீழ போடுங்கோ. பாத்தீனியம். உடம்பெல்லாம் சொறியும். விதை விழுந்தா வயலும் போச்சு."

"பார்க்க அழகா இருக்கே அக்கா."

என் தமிழைக் கேட்டுச் சிரிக்கிறார். "இந்தியாவோ? இதுவும் அங்கயிருந்துதான். சண்டைக் காலத்தில இந்திய ஆமிக்குச் சாப்பாட்டுக்கெண்டு கப்பலில வந்த ஆடுகளோட வந்ததெண்டு சொல்லுவினம். நீங்கள் எப்ப திரும்பிப் போறீங்கள்?"

"ஞாயிற்றுக்கிழமை."

"நல்லது. இது இன்னும் போகேல்லை," என்று ஒரு பையை என்னிடம் நீட்டுகிறார். "போகமுன்னம் உங்கட ஊராளைக் கொஞ்சம் பிடுங்கிப்போட்டுப் போங்கோ."